அத்தாட்சி கேட்பவரின் அறம்: எல்லைச் சாவடி விளையாட்டும் மலையகத்தின் பிரஜாவுரிமைக் கோப்புகளும்

அநீதியான ஒரு சட்டத்தை மேசையில் இருந்து நடைமுறைப்படுத்தும் சாதாரண அதிகாரி எந்த அளவுக்குப் பொறுப்பாளி? சட்டத்தை இயற்றியவர் வேறொருவர். அதற்கு வாக்களித்தவர்கள் நாடாளுமன்றத்தில் இருக்கிறார்கள். அவர் செய்வது தாளை வாங்கிப் பார்த்து முத்திரை குத்துவது மட்டும். ஆனாலும் எதிரே நிற்பவரின் வாழ்க்கை அந்த முத்திரையில்தான் திரும்புகிறது. கடமை பெரிதா, மனச்சாட்சி பெரிதா என்று பழைய நூல்கள் கேட்ட கேள்வி, கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் வந்த பிறகு இந்த வடிவத்தில் நிற்கிறது.

அண்மைக் காலத்தில் இக்கேள்வியை உலகெங்கும் பரப்பியது ஒரு கணினி விளையாட்டு. லூக்காஸ் போப் உருவாக்கி 2013 ஆகஸ்ட் 8ஆம் திகதி வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ விளையாட்டில் ஆடுபவர் ஓர் எல்லைச் சாவடியின் பரிசோதகர். ஆர்ஸ்டொட்ஸ்கா என்ற கற்பனை நாட்டுக்குள் யாரை விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று அவர் முடிவெடுக்க வேண்டும். விளையாட்டு பற்றிய ஆய்வுகளிலும் அரசியல் அறம் பற்றிய விவாதங்களிலும் இது அடிக்கடி எடுத்துக்காட்டாக வருகிறது.

இலங்கையின் ஊவா மாகாணத்தில் உள்ள அப்புத்தளைக்குப் பக்கத்தில் எந்த நாட்டு எல்லையும் இல்லை. ஆனால் 1948க்குப் பின் தம்பேத்தனை, பிட்டரத்மலை, பண்டாரவளை, ஹல்துமுல்லை என்று ஊவாவின் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு எல்லைச் சாவடியின் வேலையைச் செய்தது பிரஜாவுரிமை விசாரணை மேசை. அங்கே கேட்கப்பட்டதும் தாள்தான். இக்கட்டுரை அதிகாரியின் அறம் பற்றிய முக்கிய நிலைப்பாடுகளை எடுத்து, அவை எங்கிருந்து வந்தன, எங்கே தளர்கின்றன என்பதை மலையக அனுபவத்தோடு வைத்துப் பார்க்கிறது.

விளையாட்டு முன்வைக்கும் சிக்கல்

கதை 1982 நவம்பரில் தொடங்குகிறது. தொழில் குலுக்கலில் பெயர் விழுந்ததால் கிரெஸ்டின் சாவடியில் பரிசோதகருக்கு வேலை கிடைக்கிறது. சரியாக முடித்த ஒவ்வொரு ஆளுக்கும் 5 கிரெடிட் கூலி. நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை, மூன்றாவதில் இருந்து அபராதம். வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. மாலையில் வாடகை, சாப்பாடு, குளிருக்குச் சூடு, மருந்து என்று கூலியைப் பிரிக்கும்போது ஏதோ ஒன்று குறைகிறது. விதிகளோ நாளுக்கு நாள் கூடுகின்றன.

இந்த நெருக்கடிக்குள்தான் அறக் கேள்வி நுழைகிறது. கணவனுடைய தாள்கள் சரியாக இருக்கின்றன, உள்ளே போகிறான். பின்னால் வரும் மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. அவளை விட்டால் எச்சரிக்கைச் சீட்டு வரும், விடாவிட்டால் குடும்பம் பிரியும். இன்னொரு நாள் காவலர் ஒருவர், பிடித்துக் கொடுக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் தருவதாகச் சொல்கிறார். இப்படிச் சேரும் தெரிவுகளால் விளையாட்டு 20 முடிவுகளில் ஒன்றை அடைகிறது.

விளையாட்டால் அறத்தைப் பேச முடியுமா என்பது பற்றி இரண்டு கருத்துகளைக் குறிப்பிட்டால் போதும். 2009இல் வெளிவந்த நூலில் மிகெல் சிகார்ட், விளையாட்டின் அறம் அதன் கதையில் மட்டும் தங்கியிருக்கவில்லை, விதிகளின் அமைப்பிலும் இருக்கிறது என்று வாதிட்டார். 2020இல் எழுதிய சி. தி. நுயென், விளையாட்டு நமக்குத் தற்காலிகமான ஒரு செயலாளியின் குறிக்கோள்களையும் வரம்புகளையும் அணிவிக்கிறது என்கிறார். அந்த வகையில் போப்பின் படைப்பு ஒரு சாதனை. நல்லவர் என்று தன்னை நம்பும் ஆட்டக்காரர், மூன்றாவது நாளே வரிசையில் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் கடவுச்சீட்டின் காலாவதித் திகதியை மட்டும் பார்க்கத் தொடங்குகிறார். அதிகாரியின் மனம் எப்படி மரத்துப்போகிறது என்பதை எந்தக் கட்டுரையும் இவ்வளவு விரைவாகப் புரியவைத்துவிடாது.

ஊவாவில் அந்த மேசை

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையில் பிறந்தவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால், தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். சட்டத்தில் தமிழன் என்றோ தோட்டத் தொழிலாளி என்றோ ஒரு சொல் கிடையாது. அது கேட்டது பிறப்புக்கான ஆதாரம். தமிழ்நாட்டின் மண்டபம் முகாம் வழியாகத் தலைமன்னாரில் இறங்கி, ஆள்சேர்த்து வந்த கங்காணியின் பின்னால் தோட்ட வேலைக்காக மலையேறியவர்களின் பிள்ளைகளிடம் அது பெரும்பாலும் இருக்கவில்லை. பல சிங்களக் கிராமத்தவரிடமும் பாட்டனின் பிறப்பு அத்தாட்சி இருந்திருக்காது. ஆனால் அவர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. இந்த வரலாற்றின் மையமே இதுதான் என்பது என் கருத்து, பின்னர் இதற்குத் திரும்புவேன்.

அடுத்து 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இலங்கையில் வசித்திருந்தால் பதிவு கோரலாம். மனுப் போடக் கொடுத்த காலம் இரண்டு ஆண்டு, 1951 ஆகஸ்டில் அது முடிந்தது. தோட்டத் தொழிலாளர்களின் அமைப்பான இலங்கை இந்திய காங்கிரஸ் முதலில் பகிஷ்கரித்துவிட்டுப் பிறகு மனுப் போடச் சொன்னதால் கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள், அவற்றில் அடங்கியவர்கள் சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர். ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். இதற்கிடையில் 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் வாக்குரிமையைப் பிரஜாவுரிமையோடு கட்டிப்போட்டது. 1947இல் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களைக் கொண்டிருந்த காங்கிரசுக்கு 1952 தேர்தலில் ஓர் இடமும் கிடைக்கவில்லை.

ஒரு விண்ணப்பம் எப்படிப் பயணித்தது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். முதலில் விசாரணை அதிகாரி தோட்டப் பதிவுகளைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். பிறகு துணை ஆணையர் ஏற்பார், அல்லது ஏன் மறுக்கக் கூடாது என்று காரணம் காட்டும்படி மூன்று மாத அறிவித்தல் அனுப்புவார். வதிவுக்குச் சான்று பெரும்பாலும் செக்றோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேடு, அது துரை எனப்பட்ட தோட்ட நிர்வாகியின் காரியாலயத்தில் இருக்கும். பெயர்ப் பிரச்சினை அங்கேயே தொடங்கும். செக்றோலில் ‘ராமாயி’ என்றும், பிறப்புப் பதிவில் ‘இராமாயம்மாள்’ என்றும், பத்துச்சீட்டில் ‘ராமி’ என்றும் இருந்தால் மூவரும் ஒருவர்தான் என்று யார் சொல்வது? இந்தியாவில் உள்ள ஊருக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் தொடர்ச்சியான வதிவு முறிந்துவிடும். தாய் படுக்கையில் கிடந்தாள், திரும்பி வரப் பணம் இல்லை என்ற காரணமெல்லாம் பெரும்பாலும் சட்டத்தின் கண்ணுக்குப் படாதவை. இந்தியாவில் உள்ள உறவுக்குப் பணம் அனுப்பியதே இங்கு நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணம் இல்லாததற்கு அடையாளம் என்ற வாதமும் எழுந்தது.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சியவர்களை 9 இலட்சத்து 75 ஆயிரம் என்று கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஏழு பேர் அங்கே போனால் நான்கு பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்ற விகிதம் வந்தது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை நிலையங்களில் தகரப் பெட்டியோடு ஏறியவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன வண்டியை மலையகம் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அழைத்தது. அங்கிருந்து இந்தியாவுக்குப் போன கப்பல் 1984இல் நின்றுபோனது. இந்தியக் கடவுச்சீட்டு வாங்கியும் கப்பலேறாத பல்லாயிரம் பேர் தோட்டக் குடியிருப்பு வரிசைகளான லயங்களிலேயே இருந்தார்கள்.

சட்டத்தின் கை என்ற நிலைப்பாடு

முதல் விடை மாக்ஸ் வெபருடையது. ‘அரசியல் ஒரு தொழிலாக’ என்ற 1919ஆம் ஆண்டு உரையில் அவர் அரசியல்வாதியையும் அதிகாரியையும் பிரித்துக் காட்டினார். உத்தரவு தவறென்று தோன்றினால் அதிகாரி மேலிடத்துக்கு எடுத்துச் சொல்லலாம். மேலிடம் வற்புறுத்தினால், தன் கருத்தே அது என்பதுபோல் நேர்மையாக நிறைவேற்றுவதே அவருக்குப் பெருமை. பொறுப்பு அரசியல்வாதியைச் சேரும்.

தமிழ் மரபில் இதற்குப் பக்கத்தில் நிற்பது வள்ளுவர் தனி அதிகாரமாக வைத்த நடுவு நிலைமை. வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராத தராசு போன்ற நிலை அது. இந்த விடையை லேசாகத் தள்ளிவிட முடியாது. கணக்கப்பிள்ளையின் தயவிலும் துரையின் மனநிலையிலும் வாழ்ந்த தொழிலாளிக்கு, ஆளைப் பார்க்காமல் விதியை மட்டும் பார்க்கும் அதிகாரி ஒரு விடுதலையாகவும் இருக்க முடியும். விதியைத் தளர்த்தும் அதிகாரம் உள்ள இடத்தில் கையூட்டும் வந்துசேர்கிறது. போப்பின் விளையாட்டிலும் இரக்கமும் கையூட்டும் ஒரே சாளரத்தின் வழியாகத்தான் வருகின்றன.

இதன் பலவீனம் ஜெர்மனியில் வெளிப்பட்டது. சட்ட அறிஞர் குஸ்டாவ் ராட்புருக் 1946இல் எழுதிய கட்டுரையில், சட்டம் நீதியோடு பொறுக்க முடியாத அளவுக்கு முரண்பட்டால், அல்லது சமத்துவத்தையே வேண்டுமென்று மறுத்தால், அது சட்டம் என்ற தகுதியை இழக்கிறது என்றார். மலையகத்துக்கு இதைப் பொருத்துவது அவ்வளவு எளிதல்ல. நாஜிச் சட்டங்கள் யூதர் என்று பெயர் சொல்லி ஒதுக்கின. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் சொல்லவில்லை. வாசகத்தில் எல்லோருக்கும் பொதுவான சட்டத்தை நடுநிலையோடு நடைமுறைப்படுத்தினாலே அநீதி விளையும்போது, அதை அதிகாரி எந்தப் புள்ளியில் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்கு ராட்புருக்கிடம் தெளிவான அளவுகோல் கிடைக்கவில்லை.

மறுத்தவர்கள்

இரண்டாவது விடை, மறுப்பது. ஹன்னா அரெண்ட் நாஜி அதிகாரி ஐக்மனின் வழக்கு பற்றி 1963இல் வெளியிட்ட நூலிலும் அடுத்த ஆண்டு ஆற்றிய தனிமனிதப் பொறுப்பு பற்றிய உரையிலும், அரசியலில் வளர்ந்தவர் ஒருவர் கீழ்ப்படிவது என்பது ஆதரிப்பதுதான் என்று வாதிட்டார்.

இதற்கு எடுத்துக்காட்டாக இருவர் அடிக்கடி நினைக்கப்படுகிறார்கள். லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் ஜப்பானியத் துணைத் தூதராக இருந்த சியுனே சுகிஹாரா, டோக்கியோ மறுத்தும் 1940 கோடையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடைவழி விசாக்களைக் கையால் எழுதிக் கொடுத்தார். சுவிட்சர்லாந்தின் சென்ட் கேலன் பொலிஸ் தலைவர் பவுல் க்ரூனிங்கர், 1938 ஆகஸ்டில் எல்லை மூடப்பட்ட பின் வந்த அகதிகளின் தாள்களில் முன்திகதி போட்டு உள்ளே விட்டார். 1939இல் வேலை போனது, 1940இல் தண்டனை விதிக்கப்பட்டது, 1972இல் வறுமையில் இறந்தார். நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது 1995இல்.

இலங்கையிலும் மேசையில் இருந்து மறுத்த ஒரு முடிவு உண்டு. அது அதிகம் பேசப்படவில்லை. 1951இல் றுவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கோடகன்பிள்ளை என்பவர் கேட்டார். பிரஜை அல்ல என்று பதிவு அதிகாரி மறுத்தார். முறையீட்டை விசாரித்த திருத்த அதிகாரி என். சிவஞானசுந்தரம், பிரஜாவுரிமைச் சட்டமும் வாக்குரிமைத் திருத்தமும் ஒரு சமூகத்தின்மேல் மற்றவர்களுக்கு இல்லாத தடையைச் சுமத்துவதால் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என்று தீர்ப்பளித்து, பெயரைச் சேர்க்கச் சொன்னார். பதிவு அதிகாரி முதநாயக்கா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே அந்த முடிவு ரத்தானது. 1953இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் சட்டங்கள் செல்லுபடியாகும் என்றது.

இந்த வழக்கில் இரண்டு அதிகாரிகளும் சட்டத்தைப் படித்தவர்கள், இருவரும் தம் கடமையைச் செய்ததாகவே கருதியிருப்பார்கள். திருத்த அதிகாரி சுகிஹாராவைப்போல் உத்தரவை மீறவில்லை, தன் அதிகாரத்துக்கு உட்பட்டு, நாட்டின் மேலான சட்டத்தை வைத்தே கீழான சட்டத்தை மறுத்தார். மறுப்பு என்றால் முன்திகதி போடுவதும் ரகசியமாக விசா எழுதுவதும்தான் என்ற எண்ணத்தை இது திருத்துகிறது. தோற்றுப்போன முடிவு என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. தீர்ப்பு வெளிவந்ததால்தான் கேள்வி பிரிவி கவுன்சில்வரை போனது.

மறுப்பின் குறைகளும் உண்மையானவை. எந்தச் சாளரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து வாழ்வு அமைவது நீதி ஆகாது. பதுளையில் ஒரு நல்லவர் இருந்து, அடுத்த மாவட்டத்தில் கண்டிப்பானவர் இருந்தால், ஒரே கங்காணியின் கீழ் வந்த அண்ணன் பிரஜையாகவும் தம்பி நாடற்றவனாகவும் ஆகலாம். இன்னொன்று, மறுப்பின் விலையை எல்லோராலும் ஒரே அளவில் கொடுக்க முடியாது. போப்பின் விளையாட்டு தன் பரிசோதகரின் வீட்டில் பசிக்கும் நோய்க்கும் ஆளாகக்கூடிய குடும்பத்தை வைத்திருப்பது இதற்காகவே. வீரத்தை எல்லா அதிகாரியிடமும் எதிர்பார்க்கும் அறக்கோட்பாடு, வீரம் காட்ட முடியாத பெரும்பான்மைக்கு வழி எதுவும் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

இடைவெளியில் இயங்கும் கண்ணோட்டம்

அந்தப் பெரும்பான்மையைப் பற்றியதுதான் மூன்றாவது விடை. 1980இல் மைக்கேல் லிப்ஸ்கி, மக்களை நேரில் சந்திக்கும் கீழ்நிலை அதிகாரிகள் எடுக்கும் அன்றாட முடிவுகளின் தொகுப்பே நடைமுறையில் அரசின் கொள்கை என்று காட்டினார். விதி எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் அதிகாரிக்கு ஓர் இடைவெளி மிஞ்சுகிறது. பெர்னார்டோ சாக்கா 2017இல் இதை மேலும் ஆழப்படுத்தினார். நாள்பட்ட மேசை வேலையில் அதிகாரிகள் மூன்று வகையாகத் திரிந்துபோகிறார்கள் என்றார் அவர். ஒருவர் அலட்சியராகிறார், ஒருவர் எல்லாரையும் ஏமாற்றுக்காரராகப் பார்க்கும் கண்காணியாகிறார், மூன்றாமவர் சிலருக்கு மட்டும் அளவு மீறி இரங்குகிறார். மூன்றையும் தன்னுள் சமப்படுத்திக்கொள்வதே அதிகாரியின் அறப்பயிற்சி என்கிறார்.

வள்ளுவர் பொருட்பாலில் கண்ணோட்டத்தை அரசியல் பண்பாக வைத்தது இங்கே நினைவுக்கு வரும். தொழில் கெடாமல் இரக்கம் காட்டத் தெரிவதே அங்கே பேசப்படும் திறமை. சாக்காவின் சிக்கலும் கிட்டத்தட்ட அதுதான்.

தோட்டத்து மேசையில் இடைவெளி எங்கே இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் அது சான்றை மதிப்பிடும் இடத்தில் இருந்தது. ராமாயியும் இராமாயம்மாளும் ஒருவர்தான் என்று ஏற்க, லயத்தில் பக்கத்து வீட்டுக் கிழவியின் வாக்குமூலம் போதுமா? செக்றோல் எரிந்துபோயிருந்தால் கோயில் வரிக்கணக்கை எடுத்துக்கொள்ளலாமா? இவற்றில் பலவற்றுக்குச் சட்டம் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. யாருடைய சொல்லை நம்புவது என்பதை அதிகாரி முடிவு செய்தார். விசாரணை எந்த மொழியில் நடந்தது, மொழிபெயர்த்தவர் யார், அவர் எதைச் சுருக்கினார் என்பவையும் அதே இடைவெளியில் அடங்கும்.

மூன்று விடைகளிலும் இதுவே நடைமுறைக்கு ஏற்றது, ஆனால் அதன் இரக்கம் பேசத் தெரிந்தவருக்கே முதலில் போய்ச் சேருகிறது. தொழிற்சங்கத் தலைவரின் கடிதத்தோடு வந்தவர், வக்கீல் வைக்க முடிந்தவர், தாளைக் கிரமமாக மடித்து வைத்திருந்தவர் ஆகியோரை நம்புவது அதிகாரிக்கு எளிது. கொழுந்தெடுக்கும் மலையில் இருந்து ஒரு நாள் கூலியை இழந்து வந்து, கேள்வி புரியாமல் தலையாட்டிய பெண்ணை நம்புவது கடினம். அவளுக்கு இரங்கும் அதிகாரியும் கோப்பில் எழுத ஒன்றும் கிடைக்காமல் மறுத்துவிடக்கூடும்.

மேசையே தவறு என்போர்

நான்காவது குழுவினர் கேள்வியையே மாற்றுகிறார்கள். ஜோசப் கேரன்ஸ் 1987 கட்டுரையிலும் 2013 நூலிலும், பிறந்த இடத்தின் தற்செயலால் உலகின் வாய்ப்புகளைப் பிரிப்பது நிலமானிய முறைக்கு ஒப்பானது என்று வாதிட்டார். அப்படியானால் எல்லையில் நிற்கும் எந்த அதிகாரியும் அநீதியின் கருவி, நல்ல அதிகாரி கெட்ட அதிகாரி என்று பிரிப்பதில் பயன் இல்லை.

மலையகத்துக்கு இதைவிடப் பொருத்தமானவர் மைக்கேல் வால்சர் என்று நினைக்கிறேன். 1983இல் அவர், யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் உரிமை ஒரு சமூகத்துக்கு உண்டு என்று ஏற்றார். ஆனால் உழைக்க அழைத்துக்கொண்டவர்களை என்றென்றும் உறுப்பினர் ஆக்காமல் ஆள்வது கொடுங்கோன்மை என்றும் சொன்னார். எல்லைகள் வேண்டும் என்று நம்புகிறவர்களுக்குக்கூட 1948 பிழையாகத் தெரிய இந்த வாதம் போதும். தேயிலை வணிகர் லிப்டன் 1890இல் தம்பேத்தனையை வாங்கியதில் இருந்து அந்த மலைகளின் தேயிலை எந்தக் கைகளில் வளர்ந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அரெண்ட் 1951இல் எழுதிய, உரிமைகளைப் பெறுவதற்கான உரிமை என்ற கருத்தும் இதே இடத்தைத் தொடுகிறது. அவர் ஐரோப்பிய அகதிகளை மனதில் வைத்து எழுதிய அதே ஆண்டில்தான் இங்கே விண்ணப்பக் காலம் முடிந்தது.

ஆனால் இந்தக் குழுவினர் அதிகாரிக்குச் சொல்வது குறைவு. அமைப்பு தவறு என்று தெரிந்த பின்னும் திங்கட்கிழமை காலை கோப்பு மேசைக்கு வரும். அவர் ராஜினாமா செய்யலாம், அந்த நாற்காலியில் அடுத்தவர் உட்காருவார்.

சான்று யார் தர வேண்டும்

விளையாட்டையும் மலையகத்தையும் ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. ஆர்ஸ்டொட்ஸ்காவின் சாவடியில் கணினிக்கு எப்போதும் உண்மை தெரியும். தாளில் முரண் இருக்கிறது அல்லது இல்லை, பரிசோதகர் தவறினால் உடனே சீட்டு அச்சாகி வந்துவிடும். ஊவாவின் கோப்புகளில் அப்படி ஒரு கணினி இருக்கவில்லை. தாள் இல்லாமை எதையும் நிரூபிக்கவில்லை. பிறந்தவள் பிறந்தவள்தான், பதிந்தவர் இல்லை, அவ்வளவே. விளையாட்டில் தவறான அனுமதிக்கும் தவறான மறுப்புக்கும் ஒரே அபராதம். மேசையிலோ தவறாக அனுமதித்தால் அதிகாரிக்கு விசாரணை வரலாம், தவறாக மறுத்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. தவறின் சுமை முழுவதையும் மனுதாரரே சுமந்தார், அவருடைய பிள்ளைகளும் சுமந்தார்கள்.

ஆகவே கீழ்ப்படிவதா மறுப்பதா என்ற கேள்வியைவிட, சந்தேகம் எழும்போது அதன் பலன் யாருக்கு என்ற கேள்வி ஆழமானது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. நான்கு நிலைப்பாடுகளும் இதை ஓரமாகத் தொட்டுவிட்டுப் போகின்றன. வரலாறோ நேராகவே பதில் சொல்லியிருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம், இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்காத, சட்டபூர்வமாக இலங்கையில் வசித்த இந்திய வம்சாவளியினரைப் பிரஜைகளாக்கி, சத்தியக்கடதாசியை ஆதாரமாக ஏற்றது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் நாட்டில் வசித்தவர்களுக்கும் அவர்களுடைய வாரிசுகளுக்கும் வழி திறந்தது. அவ்வாண்டு நடந்த பதிவு இயக்கத்தில் 10 நாட்களில் 1 இலட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவாகினர். அரை நூற்றாண்டு தீராத சிக்கல், நிரூபிக்கும் சுமை இடம் மாறியதும் இரண்டு வாரத்துக்குள் தீரத் தொடங்கியது. மக்களும் அதே மக்கள், தாள்களும் ஏறத்தாழ அதே தாள்கள்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. 2003இல் அரசியல் விருப்பம் இருந்தது, தொழிற்சங்க அழுத்தம் இருந்தது, 1964க்குப் பின் ஆள்தொகை குறைந்தும் இருந்தது. சான்று விதி மாறியது காரணமா, அரசியல் மாறியதன் விளைவா என்று கேட்கலாம். இரண்டும் பின்னிக் கிடந்தன என்பதே நேர்மையான விடையாக இருக்கும். ஆயினும் அரசியல் விருப்பம் மேசைக்கு வந்து சேர்ந்தது சான்று விதி என்ற வடிவில்தான்.

தீராமல் நிற்பவை

கடலுக்கு அப்பால் இதே கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டு அகதி முகாம்களில் வாழும் மலையக வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற மதுரை அமர்வு அவர்களுடைய குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்க வழி செய்தது. 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்தியாவில் பிறந்தவர் இந்தியச் சட்டப்படி பிறப்பாலேயே குடிமகன். அப்படியிருந்தும் 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டு, 2022இல் அதே அமர்வு தலையிட வேண்டியிருந்தது. சட்டம் அவர் பக்கம் இருந்தது. முகாம் முகவரியே மேசையில் குறுக்கே நின்றது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் இருந்து வந்தவர்களை மட்டும் குறிப்பிடுகிறது. இலங்கை அதில் இல்லை.

கோட்பாட்டிலும் மூன்று கேள்விகள் திறந்தே இருக்கின்றன. நீதிமன்றமே செல்லும் என்று சொன்ன பிறகு, திருத்த அதிகாரி அடுத்த கோப்பில் என்ன செய்ய வேண்டும்? ஏழுக்கு நான்கு என்ற விகிதம் இருக்கும்போது, ஒருவருக்குக் காட்டும் சலுகை இன்னொருவரின் இடத்தைப் பறித்தால் அது கண்ணோட்டம் ஆகுமா? முகத்தைப் பார்க்காமல் தரவுத்தளம் முடிவு செய்யும் காலத்தில், லிப்ஸ்கி சொன்ன இடைவெளி எஞ்சுமா? மூன்றாவதற்கு விளையாட்டுகள் ஓரளவு ஒத்திகை பார்க்கலாம். முதல் இரண்டுக்கும் உண்மையான கோப்புகள்தான் வேண்டும்.

அந்தக் கோப்புகளைத் திறந்து படிப்பது ஆய்வாளர்களின் வேலை. ஆனால் கோப்பில் எழுதப்படாத பகுதி ஒன்று இருக்கிறது. சட்டங்களைப் பற்றியும் தலைவர்களைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுள்ளது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களின் குரல் அரிதாகவே பதிவாகியிருக்கிறது. 1967 முதல் 1981 வரை சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தக் காரியாலயங்களில் குமாஸ்தாக்களாகவும் மொழிபெயர்ப்பாளர்களாகவும் இளம் வயதில் வேலை பார்த்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். தோட்டக் காரியாலயங்களில் செக்றோல் எழுதியவர்களும் அப்படியே. பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் உள்ள பாடசாலைகளும் நூலகங்களும் தொழிற்சங்கங்களும் இவர்களைத் தேடிப் போய், குற்றம் சாட்டும் நோக்கம் இல்லாமல், எந்தப் பெயரை ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள், ஏன் என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். அதற்கு இனி அதிக காலம் இல்லை.